மூக்குக் கண்ணாடியில் ஒரு ஜன்னல்

அத்தியாயம் ஆறு

தபால்காரர் போட்டுவிட்டுப் போன பொட்டலத்தைச் செக்கர் பிரித்தபோது காலை மணி பத்து. உள்ளே ஒரு மாத்திரை டப்பா. டப்பாவுக்குள் பஞ்சு. பஞ்சுக்குள் ஒரு மனிதர் மல்லாந்து படுத்திருந்தார்.

ஒரு விரல் உயரம் இருந்தார். வழுக்கைத் தலை, காதோரம் நரை, சட்டைப் பையில் இரண்டு பேனா, மூக்கின் மேல் தடித்த கண்ணாடி. வர்ணம் பூசிய பொம்மைதான். ஆனாலும் பார்த்தவுடனே "உட்காருங்க சார்" என்று சொல்லத் தோன்றும். அவ்வளவு தத்ரூபம்.

"லெட்டர் இல்ல, அனுப்பினவங்க பேர் இல்ல," என்றார் கண்டக்டர், பொட்டலத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து. "டிக்கெட் எடுக்காம வந்து இறங்கியிருக்காரு சார். ஃபைன் போட்டுரலாமா?"

செக்கர் சிரிக்கவில்லை.

இந்த இருவரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. செக்கர் பதினெட்டு வருடம் பஸ்களில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஓடுகிற பஸ்ஸில் ஏறி ஐம்பது முகங்களை ஒரே ஒரு பார்வை பார்ப்பார். டிக்கெட் எடுக்காத ஆசாமி முன்னால் நேராகப் போய் நிற்பார். ஓய்வு பெற்றதும் துப்பறியும் நிலையம் ஆரம்பித்தார். கண்டக்டர் நிஜமாகவே கண்டக்டர். ஒரு காலத்தில் இதே செக்கர் எழுதிய மெமோவால் மூன்று மாதம் வீட்டில் உட்கார்ந்தவர். பின்னாளில் உதவியாளர் தேவைப்பட்டபோது செக்கர் அவரைத்தான் தேடிப் பிடித்தார். "முன்னப்பின்ன தெரியாத ஆளைவிட, நானே ஒரு தடவை பிடிச்ச ஆளு பரவாயில்ல" என்பது அவர் சொன்ன காரணம்.

"பதினெட்டு வருஷத்துல நான் தப்பா ஒரு மெமோ எழுதினதில்ல" என்று செக்கர் மார்தட்டிக்கொள்ளும்போதெல்லாம், "என்னோடதைக் கணக்குல சேர்க்காம சொல்றாரு" என்று கண்டக்டர் பக்கத்திலிருந்து எடுத்துக்கொடுப்பார். கேஸ் கொண்டு வரும் வாடிக்கையாளர்களுக்கு இந்த இரட்டை நாயனம் இலவசம்.

செக்கர் பூதக்கண்ணாடியை எடுத்தார். சந்தேகமே இல்லை. பம்ப் கம்பெனியின் கிடங்கு மேனேஜர்.

பொம்மையைச் சட்டென்று பஞ்சின் மேல் போட்டார். பம்ப் கம்பெனி என்ற பேச்சே நான்கு மாதமாக அவருக்குப் பிடிக்காது. புது மாடல் பம்புக்காக வார்த்து வைத்திருந்த பித்தளை அச்சுப் பெட்டி ஒரு பட்டப்பகலில் கிடங்கிலிருந்து காணாமல் போனது. கம்பெனி செக்கரைக் கூப்பிட்டது. செக்கர் ஒரே நாளில் ஆளைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்: வாட்ச்மேன். கிடங்குச் சாவி அவனிடம் இருந்தது. பெட்டியோடு அவன் முற்றத்தைக் கடந்து போனதை மாடி ஜன்னலிலிருந்து மேனேஜர் பார்த்திருந்தார். கேஸ் முடிந்தது. பெட்டி மட்டும் இன்றுவரை கிடைக்கவில்லை. வாட்ச்மேன் உள்ளே இருக்கிறான். நாளை காலை தீர்ப்பு.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அன்று போலீஸ் ஜீப்பில் ஏறும்போது வாட்ச்மேன் செக்கரைப் பார்த்துக் கேட்டான்: "சார், நல்லா விசாரிச்சுத்தான் சொல்றீங்களா?" அதிலிருந்து செக்கர் வீட்டுக்குப் போகும் வழியை மாற்றிக்கொண்டார். வாட்ச்மேன் மனைவி தையல் மெஷின் போட்டிருக்கும் தெரு வழியாகப் போனால் ஐந்து நிமிடம் மிச்சம். சுற்றுவழியாகத்தான் போனார். கேட்டவர்களிடம் அந்தத் தெருவில் தூசி அதிகம் என்றார்.

"சார், அடியில என்னமோ எழுதியிருக்கு," என்றார் கண்டக்டர்.

பொம்மை நின்ற சின்னக் கட்டையின் அடியில் பென்சிலால் பொடியாக எழுதியிருந்தது: 16, மணி 3.10.

பதினாறாம் தேதிதான் திருட்டு நடந்தது. மூன்று மணி பத்து நிமிடத்துக்குத்தான் மேனேஜர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். அவர் கொடுத்த வாக்குமூலத்தில் அதே நேரம் இருந்தது.

"யாரோ நம்மகிட்ட ஏதோ சொல்ல வர்றாங்க," என்றார் செக்கர்.

கண்டக்டர் பூதக்கண்ணாடியை வாங்கிப் பொம்மையின் மூக்கோடு மூக்காக வைத்துப் பார்த்தார். "சொல்ல வர்றது இருக்கட்டும் சார். இவரு கண்ணாடிக்குள்ள ஒரு ஜன்னல் தெரியுதே, பார்த்தீங்களா?"

செக்கர் பார்த்தார். கடுகளவு கண்ணாடிகள் இரண்டிலும் வெள்ளையாக ஒரு பளபளப்பு. வெறும் புள்ளி இல்லை அது. அரை வட்டம், அதற்குள் விசிறி விரித்த மாதிரி ஐந்து கம்பிகள். எதிரே இருந்த ஜன்னல், மூக்குக் கண்ணாடியில் பட்டுத் தெரிவதை அப்படியே வரைந்திருந்தார்கள்.

"மேனேஜர் ரூம்ல இருக்கிறது சதுர ஜன்னல். நடுவுல குறுக்குக் கம்பி," என்றார் செக்கர் மெதுவாக. "நான் அந்த ஜன்னல்கிட்ட நின்னு பார்த்திருக்கேன்."

"அப்ப இந்தக் கண்ணாடி அந்த ரூம்ல இல்ல."

"இல்ல. வேற எங்கயோ, அரை வட்ட ஜன்னலுக்கு எதிர்ல இருந்திருக்கு. அது எங்கன்னு தெரிஞ்சா, இதைப் பண்ணினவங்க யாருன்னு தெரிஞ்சுரும். ஆனா இவ்வளவு பெரிய ஊர்ல ஒரு ஜன்னலை எங்கய்யா போய்த் தேடறது?"

கண்டக்டர் கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் ஏதோ முணுமுணுத்தது. பள்ளிக்கூடம், மரக்கடை, ஆஸ்பத்திரி முனை... திடீரென்று விசில் ஊதுவது போல உதட்டைக் குவித்தார்.

"பழைய துணிக் கிடங்கு ஸ்டாப்பு! பத்தொன்பதாம் நம்பர் ரூட்டு. மாடியில இதே ஜன்னல்தான் சார்."

"எப்படிய்யா?"

"பன்னெண்டு வருஷம் படிக்கட்டுல தொங்கினவன் நான். கீழ இருக்கிற கடையெல்லாம் கூட்டத்துல மறைஞ்சுரும். எனக்கு ஸ்டாப்புக்கு அடையாளமே மாடி ஜன்னலுங்கதான். நீங்க பஸ்ஸுக்குள்ள ஆளுங்க மூஞ்சியைப் பார்த்துட்டே இருந்தீங்க. வெளிய பார்த்திருந்தா உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்."

சும்மா சொன்ன வார்த்தைதான். செக்கருக்குச் சுருக்கென்றது.

*

பழைய துணிக் கிடங்கின் மாடிப்படி முழுக்கப் பெயிண்ட் தின்னர் வாசனை. கதவைத் திறந்தவர் கையெல்லாம் வெள்ளைத் தூளோடு இருந்தார். பொம்மையைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

"நம்ம சரக்குதான்! உடம்பு நான் வார்த்தது. மூஞ்சி என் கொழுந்தியா எழுதினது. வாங்க, வாங்க."

அரை வட்ட ஜன்னலுக்குக் கீழே ஒரு நீள மேஜை. அதன் முன்னால் நாற்பது வயதுப் பெண்மணி ஒருத்தி, நெற்றியில் இரட்டை லென்ஸ் மாட்டிக்கொண்டு, ஒரு கையை இன்னொரு கையால் தாங்கிப் பிடித்தபடி மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தாள். தூரிகை முனை ஒரு பொம்மையின் காதைத் தொட்டு மீண்டது. அதற்குப் பிறகுதான் மூச்சு விட்டாள்.

"மன்னிச்சுக்கோங்க. கண்ணாடிக் காம்பு இழுக்கும்போது பேசினா, கோடு கன்னத்துக்குப் போயிரும்," என்றாள்.

கண்டக்டர் குனிந்து பார்த்தார். "எத்தனை முடி பிரஷ் இது? ஒண்ணா, ரெண்டா?"

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கறாங்க. ஒத்தை முடி பிரஷ்ல பெயிண்ட் நிக்காது, பாதியில காஞ்சுரும். பிரஷ் கொஞ்சம் பெருசாத்தான் இருக்கணும், முனை மட்டும் கூரா இருக்கணும்." பேச்சில் தொழில் கர்வம் தெரிந்தது. "மொதல்ல கண்ணு, மூக்கு, கன்னம் எல்லாம் கண்ணாடி போடாத ஆளு மாதிரி முழுசா முடிச்சுரணும். அப்புறம்தான் கண்ணாடி. சட்டத்துக்குக் கறுப்பே வெக்கக்கூடாது, கார்ட்டூன் ஆயிரும். கரும்பழுப்பு. சட்டத்துக்குக் கீழ கன்னத்துல ஒரு நிழல். கண்ணாடிக்கு உள்ள இருக்கிற தோலு மட்டும் ஒரு பொட்டு வெளுப்பு. கடைசியா கண்ணாடி மேல ஒரு சொட்டு வார்னிஷ்."

"இந்தப் பளபளப்பு?" செக்கர் மேனேஜர் பொம்மையை மேஜை மேல் நிறுத்தினார்.

"அதுதான் உயிரே. மத்தவங்க சும்மா ஒரு வெள்ளைப் புள்ளி வெச்சுட்டுப் போவாங்க. நான் எதிர்ல இருக்கிற ஜன்னலையே வரைவேன். இது பம்ப் கம்பெனி ஆர்டர். ஐம்பதாவது ஆண்டு விழாவுக்கு, முழு ஃபேக்டரியையும் ஆளுங்களோட பொம்மையா வெச்ச மாடல். நாற்பத்தோரு பொம்மை, அதுல கண்ணாடி போட்டவங்க பதினோரு பேர். அவங்கவங்க சீட்டுலயே வெச்சு போட்டோ எடுத்தேன். பத்து பேருக்கும் கம்பெனி ஜன்னல்தான் இருக்கும், போய்ப் பாருங்க."

"பதினோராவது ஆளுக்கு ஏன் உங்க ஜன்னல்?"

"அவரோடது சோடா பாட்டில் அடி மாதிரி இருந்துச்சு. போட்டோவுல வெறும் வெள்ளையா விழுந்துச்சு. இங்க பாருங்க." அவள் தூரிகைக் காம்பால் சுட்டினாள். "கண்ணாடிக்கு வெளிய கன்னக் கோடு நேரா வருது. கண்ணாடிக்கு உள்ள மட்டும் உள்வாங்கி இருக்கு. கிட்டப்பார்வை பலமா இருக்கிறவங்க முகம் கண்ணாடி வழியா அப்படித்தான் தெரியும். கண்ணும் சின்னதாத் தெரியும். இதெல்லாம் கண்ணாடியைக் கையில வெச்சுப் பார்க்காம வராது. அதனால இரவல் கேட்டேன். அத்தான்தான் போய் வாங்கிட்டு வந்தாங்க."

"அந்தக் கூத்தை ஏன் கேக்கறீங்க!" அத்தான் உற்சாகமாகக் குறுக்கே வந்தார். "சாப்பாட்டு நேரத்துல போனேன். மூக்குல இருந்து கழட்டிக் கையில குடுத்துட்டாரு. மாத்துக் கண்ணாடி இல்லியா சார்னா, ஒரு பகல் பொழுதுதானே, சமாளிச்சுக்கறேன்னாரு. என்னை வழியனுப்ப வர்றேன்னு நாற்காலியை இடிச்சு, கதவை இடிச்சு, கடைசியில என் தோளைப் பிடிச்சுட்டுத்தான் நடந்தாரு. அஞ்சு மணிக்குத் திருப்பிக் கொண்டுபோய்க் குடுத்தேன்."

"என்னிக்கு?" செக்கர் கேட்டார். பதில் அவருக்குத் தெரியும்.

"அதான் அடியில இருக்கே," என்றாள் அவள். "வார்னிஷ் வெச்ச தேதியும் நேரமும் குறிச்சுருவேன். ஒரு முழு நாள் அதைத் தொடக்கூடாது. இது பதினாறாம் தேதி, மூணு மணி பத்து நிமிஷம். அந்த நேரத்துக்கு அவரு கண்ணாடி இதோ இந்தப் பிளாஸ்டர் தலை மேல, இந்த ஜன்னலைப் பார்த்துட்டு இருந்துச்சு."

கண்டக்டர் தன்னையறியாமல் ஒரு சீட்டியடித்தார். "அப்ப அங்க ஜன்னல் வழியா முற்றத்தைப் பார்த்தது வெறும் கண்ணு!"

செக்கர் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். மேனேஜர் பொய் சொல்லியிருக்கிறார். ஒரு மனிதனை நான்கு மாதம் உள்ளே வைத்தது ஒரு பொய். அதை வாங்கி, உறையில் போட்டு, ஒட்டிக் கொடுத்தது யார்? நான் அவருடைய பார்வையைச் சோதித்தேனே என்று மனம் முரண்டு பிடித்தது. ஆமாம், திருட்டு நடந்த மறுநாள் விசாரணைக்குப் போனபோது, அந்த ஜன்னலருகே மேனேஜரை நிறுத்தி, எதிர்ச் சுவரில் இருந்த அறிவிப்பைப் படிக்கச் சொன்னார். மேனேஜர் மூக்குக் கண்ணாடி வழியாகக் கடகடவென்று படித்தார். நேற்று இது உங்கள் மூக்கில் இருந்ததா என்று மட்டும் செக்கர் கேட்கவில்லை.

"இதை எங்களுக்கு அனுப்பினதுக்கு நன்றிம்மா," என்றார்.

அவள் விழித்தாள். "நானா? நான் அனுப்பலையே சார். நாற்பத்தோரு பொம்மையையும் அப்பவே குடுத்துட்டோம். ஒண்ணே ஒண்ணுதான் திரும்பி வந்துச்சு."

இழுப்பறையைத் திறந்து எடுத்துக் காட்டினாள். நீலச் சட்டை, இடுப்பில் சாவிக்கொத்து, நெஞ்சை நிமிர்த்தி சல்யூட் அடித்தபடி ஒரு விரல் உயர வாட்ச்மேன்.

"திருட்டுக் கேஸாயிருச்சு, மாடல் வாசல் கேட்டுல நிக்கக்கூடாது, எடுத்துட்டு ஓட்டையை அடைச்சுக் குடுங்கன்னாங்க. அடைச்சுக் குடுத்தேன். இதைத் தூக்கிப் போடத்தான் மனசு வரல. போட்டோ எடுக்கும்போது அந்த மனுஷன் மூணு தடவை தலை சீவிட்டு வந்து நின்னாரு."

செக்கரால் அந்தப் பொம்மையைப் பார்க்க முடியவில்லை. எழுந்துவிட்டார்.

*

மேனேஜர் மூன்று நாளாக லீவில் இருப்பதாகக் கம்பெனியில் சொன்னார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாவது மாடியில் வீடு. செக்கர் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறப் போனார்.

"சார், நிதானம்," என்றார் கண்டக்டர்.

"நீ மேல வராதே. கீழ முற்றத்துல நில்லு. அந்த மரத்துகிட்ட."

கதவைத் திறந்த மேனேஜர் ஒதுங்கி வழிவிட்டார். செக்கர் நேராக ஜன்னலுக்குப் போனார்.

"கண்ணாடியைக் கழட்டுங்க. கீழ மரத்துகிட்ட நிக்கறது யாரு, சொல்லுங்க."

மேனேஜர் கழற்றினார். கண்ணை இடுக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "தண்ணி டேங்க்தானே?"

"யோவ், மேல வா!" என்று செக்கர் கத்தினார். தண்ணீர் தொட்டி கையை ஆட்டிவிட்டு மூச்சிரைக்கப் படியேறி வந்தது.

செக்கர் மாத்திரை டப்பாவை மேஜை மேல் வைத்துத் திறந்தார். "பதினாறாம் தேதி மூணு பத்துக்கு உங்க கண்ணாடி எங்க இருந்துச்சுன்னு தெரிஞ்சுட்டு வந்திருக்கேன். இதை யாரு அனுப்பினாங்கன்னுதான் தெரியல. அவங்களுக்கு இருந்த நல்ல மனசு உங்களுக்கு இல்லாமப் போச்சு."

"நான்தான் அனுப்பினேன்," என்றார் மேனேஜர்.

கண்டக்டர் டப்பாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாடல்ல இருந்து பிடுங்கி எடுத்து அனுப்பினேன் சார். நேர்ல வந்து சொல்ல நாலு தடவை உங்க ஆபீஸ் வாசல் வரைக்கும் வந்தேன். கால் வரல. நீங்களே கண்டுபிடிச்சு வந்தா தலையைக் குனிஞ்சு ஒத்துக்கலாம்னு இருந்தேன். மூணு நாளா வாசலைப் பார்த்துட்டே உட்கார்ந்திருக்கேன்."

"ஏன் சார் பொய் சொன்னீங்க?"

"பொம்மைக்குக் கண்ணாடியைக் கழட்டிக் குடுத்துட்டு, டூட்டி நேரத்துல கண்ணு தெரியாம உட்கார்ந்திருந்தேன், அந்த நேரம் பார்த்துத் திருட்டுப் போச்சுன்னு முதலாளிகிட்ட எப்படிச் சொல்றது? வெக்கமா இருந்துச்சு. பயமாவும் இருந்துச்சு. அதனால கண்ணாடி இல்லேங்கறதை மறைச்சேன். அது என் தப்பு." பொம்மையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆனா வாட்ச்மேனைப் பார்த்தேன்னு நான் சொல்லல சார்."

"என்ன சொல்றீங்க? கையெழுத்துப் போட்டிருக்கீங்க!"

"போட்டேன். ஆனா அந்தப் பேரை நான் சொல்லல. நீங்க சொன்னீங்க."

"நானா?"

"உங்க ஆளு பக்கத்துல உட்கார்ந்து எழுதிட்டுத்தானே இருந்தாரு. கேளுங்க."

செக்கர் திரும்பினார். கண்டக்டர் தோளில் எப்போதும் தொங்கும் பழைய தோல் பையின் வாய் மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டு நின்றார்.

"எடுய்யா."

"சார்..."

"எடு. படி."

கண்டக்டர் நோட்டை எடுத்தார். பக்கத்தைத் தேடவில்லை, அது தானாகவே அங்கே திறந்தது. பலமுறை திறந்து பார்த்த பக்கம் என்பது தெரிந்தது.

"கேள்வி: ஜன்னல் வழியா யாரைப் பார்த்தீங்க? பதில்: யாரோ ஒரு ஆளு, நீலச் சட்டை, கையில ஏதோ இருந்துச்சு. கேள்வி: நீலச் சட்டைன்னா வாட்ச்மேன்தானே? பதில்..." கண்டக்டர் அந்த வரியில் விரலை வைத்தார். "பதில் இல்லை. தலையை ஆட்டினார்."

அந்தக் கம்பெனியில் நீலச் சட்டை போடுகிறவர்கள் பதினேழு பேர். செக்கருக்கு அது அன்றைக்கே தெரியும்.

"நீங்க அவ்வளவு உறுதியாச் சொன்னதும், எனக்கே அவனைப் பார்த்த மாதிரி ஆயிருச்சு சார்," என்றார் மேனேஜர். "ராத்திரி படுத்தா அவன் முகம்கூடத் தெரிஞ்சுச்சு. பொம்மையைப் பார்த்ததும்தான் புத்தி வந்துச்சு. அந்த நேரத்துல எனக்கு யார் முகமும் தெரிஞ்சிருக்காதேன்னு."

செக்கர் கண்டக்டரைப் பார்த்தார். "நீ வாக்குமூலத்தை டைப் அடிச்சப்போ ஏன்யா சொல்லல?"

"நீங்க சொல்லச் சொல்ல அடிச்சேன் சார். 'வாட்ச்மேனைப் பார்த்தேன்'னு சொன்னீங்க. நோட்டுல இப்படி இல்லியேன்னு நாக்கு வரைக்கும் வந்துச்சு. பதினெட்டு வருஷம் தப்பே பண்ணாத மனுஷன்கிட்ட நான் என்னத்தைச் சொல்றதுன்னு விட்டுட்டேன். வாழ்க்கையில ஒரே ஒரு நாள் வாயை மூடிட்டு இருந்தேன். அது அன்னிக்குத்தான்."

அடுத்துப் பேசியது மேனேஜர். நல்ல மனதோடுதான் பேசினார். அதுதான் செக்கருக்குக் கொடுமையாக இருந்தது.

"நாளைக்குக் கோர்ட்ல நான் எழுந்திரிச்சுச் சொல்லிர்றேன் சார். கண்ணாடி இல்லாம பார்த்தேன், ஆளு தெரியல, பேரை நானே கற்பனை பண்ணிச் சொல்லிட்டேன்னு. எனக்கு வர்றது வரட்டும். உங்க கேள்வியைப் பத்தி நான் மூச்சு விடமாட்டேன். நோட்டு உங்ககிட்டயே இருக்கு. உங்க பேரு இதுல வரவேண்டாம்."

*

படியிறங்கும்போது செக்கர் மனதுக்குள் கணக்குப் போட்டார். அதை மறைக்க வேண்டியதில்லை. எவ்வளவு நேர்மையான மனிதரானாலும் அந்த இடத்தில் போடுகிற கணக்குத்தான். மேனேஜர் சொன்னால் போதும். அரசாங்க வக்கீல், "இவரை யாரோ விலைக்கு வாங்கிட்டாங்க, அன்னிக்குச் சொன்னதுதான் நிஜம்" என்று குதிப்பார். ஆனாலும் பொம்மை இருக்கிறது, தேதி இருக்கிறது. பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு. நிலையத்தின் பெயர்ப்பலகை தப்பிக்கும். நோட்டில் ஒரு பக்கம்தான் இடைஞ்சல்.

கண்டக்டர் பின்னாலேயே வந்தார். ஜோக் அடிக்கவில்லை. "எங்க சார் போறோம்?" என்று மட்டும் கேட்டார்.

செக்கர் தெருமுனையில் நின்றார். இடது பக்கம் திரும்பினால் ஆபீஸ். வலது பக்கம் அவர் நான்கு மாதமாக மிதிக்காத தெரு. பிறகு வலது பக்கம் நடந்தார்.

தையல் மெஷின் வாசலோரம் ஜன்னலை ஒட்டிப் போட்டிருந்தது. அதன் முன்னால் இருந்த பெண் அவரைப் பார்த்ததும் மிதிப்பதை நிறுத்தினாள். முகத்தில் ஒரு வினாடி பயம், அடுத்த வினாடி நம்பிக்கை. இரண்டையும் செக்கர் பார்த்தார்.

"வாங்க சார். உட்காருங்க." துணிக் குவியலை ஒதுக்கி நாற்காலி போட்டாள். "ஏதாவது தெரிஞ்சுச்சா சார்? பெட்டி கிடைச்சுச்சா?"

"இல்லம்மா."

"பரவாயில்ல சார். வந்து விசாரிக்கணும்னு தோணிச்சே, அதுவே பெருசு. எங்க வீட்டுக்காரரு உங்களைக் குத்தம் சொன்னதே இல்ல. பார்த்தவரு சொன்னாரு, செக்கர் எழுதினாரு, அவரு என்ன பண்ணுவாருன்னுதான் சொல்வாரு."

நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு செக்கர் நின்றார். உட்காரவில்லை.

"பார்த்தவரு சொல்லலம்மா. அவருக்கு அன்னிக்கு ஆளே தெரியல. கண்ணாடி இல்ல. உங்க வீட்டுக்காரர் பேரைச் சொன்னது நான். நானே கேள்வியில சொல்லி, அவரைத் தலையாட்ட வெச்சு, அவரு சொன்ன மாதிரி எழுதிட்டேன்."

அவள் கையிலிருந்த துணி நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கவில்லை. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார். அவள் நிமிர்ந்து அவரையே பார்த்தாள்.

"இதை நாளைக்குக் கோர்ட்ல வந்து சொல்வீங்களா?"

"சொல்வேன். நோட்டோட வர்றேன். அப்புறம் அவங்க என்னை என்ன பண்ணினாலும் சரி."

"இப்படியே சொல்வீங்களா? நான் சொன்னேன்னு?"

"இப்படியேதான்மா."

அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பிறகு உள் அறைப் பக்கம் திரும்பினாள். "அங்க சொல்றது இருக்கட்டும் சார். மொதல்ல இங்க சொல்லுங்க. என் பொண்ணு இருக்கா. பதினாலு வயசு. நாலு மாசத்துல ஒரு நாள்கூட அவங்க அப்பாவைப் போய்ப் பார்க்கல. நான் சொன்னா நம்பமாட்டேங்கிறா."

பள்ளிச் சீருடையோடு ஒரு பெண் வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செக்கரை அவளுக்குத் தெரிந்திருந்தது. கூட்டத்தில் ஒளிந்த திருட்டுப் பயணியின் முகத்தை ஆயிரம் தடவை படித்த செக்கர், அந்தப் பதினாலு வயது முகத்தை நிமிர்ந்து பார்க்க மாட்டாமல் தடுமாறினார். சொன்னார். ஒரு வார்த்தை குறைக்காமல், தன்னை எங்கேயும் ஒளித்துக்கொள்ளாமல், அவளுடைய அம்மாவிடம் சொன்னதையே திரும்பச் சொன்னார்.

"அப்போ அப்பா எடுக்கலையா?" என்று கேட்டாள்.

"எடுத்ததை யாருமே பார்க்கலம்மா. அவரைப் பிடிக்க ஒரு காரணமும் இல்ல. நான்தான் உண்டாக்கினேன்."

அவள் உதடு கோணியது. அழுகையை அடக்கினாள்.

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அம்மா கூப்பிட்டாங்க. பார்த்த சாட்சி இருக்கு, செக்கரே சொல்லிட்டாரு, அந்த ஆளை நான் எதுக்குப் பார்க்கணும்னு கேட்டேன். 'அந்த ஆளு'ன்னு சொன்னேன். அம்மா அதைப் போய் அப்பாகிட்ட சொல்லிட்டாங்க." அவள் செக்கரை நேராகப் பார்த்தாள். "நாளைக்கு அப்பா வெளிய வந்தா, நான் என்ன சார் சொல்றது?"

வாசலில் நின்ற கண்டக்டர் முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"என்னைக் காட்டும்மா," என்றார் செக்கர். "இந்த ஆளு சொன்னதை நம்பிட்டேன்னு சொல்லு. நான் பக்கத்துலயே நிக்கறேன்."

அவள் உள்ளே போய், நாளை கோர்ட்டுக்குப் போட்டுக்கொண்டு போவதற்கான உடுப்பை எடுத்து வந்து, கிழிந்திருந்த சட்டைக் கையைத் தைத்துத் தரச்சொல்லி அம்மாவிடம் நீட்டினாள்.